ஸ்டெல்லா அக்காவோடு மழையில் ஆறு கிலோமீட்டர்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. பம்ப் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த சரஸ்வதிதான் போன் செய்தாள். "அக்கா, நம்ம ஸ்டெல்லாக்கா தவறிப்போயிட்டாங்க. படுத்தவங்க காலையில எந்திரிக்கலீங்களாமா" என்றாள். "அங்க மழையா கண்ணு?" என்று கேட்டேன். விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். சாவுச் செய்தி சொன்னவளிடம் மழையைப் பற்றி விசாரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் ஸ்டெல்லா அக்காவை மழையில்லாமல் நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியாது. கல்லில் இருந்த தோசை கருகிப்போயிருந்தது.

இந்த நினைவுப் புத்தகத்தில் இதைப் படிக்கப்போகிற உங்களில் பாதிப்பேர் அவரோடு வேலை செய்தவர்கள். மீதிப்பேர் சர்ச்சில் அவரோடு சேர்ந்து பாடியவர்கள். அவருடைய குரலைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள், நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சைக்கிள் ஓட்டிய விதம்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய பம்ப் கம்பெனி இருந்தது. இப்போது இல்லை. அதில் வைண்டிங் செக்‌ஷனில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். மோட்டாரின் இரும்பு வளையத்துக்கு உட்புறம் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். பள்ளத்துக்குள் காகிதம் வைத்து, அதற்குள் செம்புக் கம்பிச் சுருளை விரலால் இறக்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கு ஈரம் ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரண்ட் கசியும். கடைசியில் மெக்கர் என்கிற மீட்டரை மாட்டிச் சுற்றும்போது முள் எழாமல் கீழேயே படுத்துக்கொள்ளும். ஆகவே மழைக்காலத்தில் காய்ந்த உடம்போடு வந்து உட்காருவது எங்களுக்கு வேலையின் ஒரு பாகம்.

நான் சேர்ந்தது ஆவணியில். ஆறு மாதம் சோதனைக் காலம். மூன்று தடவைக்கு மேல் தாமதமாக வரக்கூடாது, சுற்றிய மோட்டார் ஒன்றுகூடக் கழிவில் போகக்கூடாது. அப்படி இருந்தால் தை மாதம் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு. வீடு என்றால் என் மாமனாரின் தோட்டம். கல்யாணமாகி இரண்டு வருடம் அந்தத் தோட்டத்திலேயே மாடும் மஞ்சளுமாக இருந்துவிட்டு, சண்டை போட்டு வாங்கிய வேலை அது. நிரந்தரமானால் போய்க்கொள், ஆகாவிட்டால் இந்தப் பேச்சே கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வேலை போனால் வாழ்நாளெல்லாம் அந்த வரப்பைத் தாண்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆவணிக்கும் தைக்கும் நடுவில் ஐப்பசியும் கார்த்திகையும் இருந்தன. எட்டு மணி வேலைக்கு ஒத்துவருகிற பஸ் எங்கள் ஊருக்குக் கிடையாது. ஆறு கிலோமீட்டர் சைக்கிள்தான்.

ஸ்டெல்லா அக்காவுக்கும் அதே ஊர்தான். ஊருக்குக் கிழக்கே காலனியில் அவர் வீடு. அவருடைய அப்பா என் மாமனார் தோட்டத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி, அப்போதெல்லாம் ஊருக்குள் நானும் அவரும் பேசிக்கொண்டதில்லை. அவர் முன்னாலோ நான் முன்னாலோ போவோம். மெயின் ரோடு வந்து, ஊருக்குத் திரும்பும் பிரிவு தாண்டி, ஊர்க்காரர்கள் கண்ணில் படாத தூரம் வந்ததும் இரண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பேச்சு தொடங்கும். யாரும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லித் தரவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். செக்‌ஷனில் எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். நான் மட்டும் முதல் ஒரு வருடம் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை அம்மணி என்று கூப்பிட்டு, 'ங்க' போட்டுப் பேசினார். இன்று அக்கா என்று எழுதும்போது பேனா சுலபமாக ஓடுகிறது.

முதல் பெருமழைக்கு நான் வெகு தயாராகப் போனேன். என் வீட்டுக்காரர் டவுனிலிருந்து கெட்டியான பிளாஸ்டிக் கோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தார். கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டி, ஒரு சொட்டும் உள்ளே வராதபடி என்னைக் கட்டிக்கொண்டேன். மழை உள்ளே வரவில்லைதான். ஆறு கிலோமீட்டர் மிதித்து முடித்துக் கோட்டைக் கழற்றியபோது ரவிக்கையைப் பிழியலாம் போல் இருந்தது. அத்தனையும் வேர்வை. ஸ்டெல்லா அக்கா சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மழை உங்கள ஒண்ணும் பண்ணலீங்க அம்மணி. உங்கள நீங்களே நனைச்சுப்போட்டீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோட்டு எவ்வளவு உசத்தி என்று அவரிடம் வாதாடினேன்.

அவர் வந்த கோலத்தைப் பார்த்தால் எனக்கும் சிரிக்கக் காரணம் இருந்தது. பழைய சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகி, மேலே புருஷனின் காக்கிச் சட்டை, தலையில் துண்டைச் சுற்றி அதன்மேல் மோட்டார் பொதிந்து வந்த பாலிதீன் உறை. அக்குளுக்குக் கீழே சட்டையில் காற்று போக இரண்டு ஓட்டைகள் வேறு. பின் கேரியரில் ஒயர் கூடை, அதில் காய்ந்த சேலை, ரவிக்கை, பாவாடை, ஒரு சின்னத் துண்டு, எல்லாம் பாலிதீனில் சுற்றியது. பத்து நிமிடம் முன்னால் வந்து, ஸ்டோரில் பீரோவுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, எட்டடிக்கும்போது இஸ்திரி போட்டவர் மாதிரி வந்து உட்காருவார். "நனையாம போக முடியாதுங்க. போய்ச் சேந்தா காஞ்சிருக்கோணும், அவ்வளவுதான்" என்பார். நான் நனையாமல் போவதற்கே இத்தனை பாடுபட்டேன். அவர் நனைவது என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்பினார்.

மழையில் அவர் சைக்கிள் ஓட்டுவது தனி. தேங்கிய தண்ணீருக்குள் விடவே மாட்டார், அடியில் என்ன குழி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்பார். முன் மட்கார்டின் நுனியில் பழைய ட்யூபை வெட்டித் தொங்கவிட்டிருந்தார், சக்கரம் அள்ளுகிற சேறு காலில் அடிக்காமல் இருக்க. பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் பிரேக்கை வெகு முன்னாலேயே இரண்டு மூன்று தடவை பிடித்து விடுவார். சக்கரத்தில் உள்ள தண்ணீரை முதலில் துடைக்க வேண்டும், அப்புறம்தான் பிடிக்கும் என்று எனக்கு விளக்கினார். நான் நம்பவில்லை. மறுநாளே ஒரு மாட்டு வண்டியின் பின்பக்கத்தில் போய் முட்டி நின்றேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா என்று மரியாதையாகத் திட்டினார். ஸ்டெல்லா அக்கா அதற்குச் சிரிக்கவில்லை. என் முன் சக்கரம் வளைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

அவருக்குக் குடை பிடித்துச் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கண்டால் ஆகாது. ஆபீசில் ஒரு கிளார்க் ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஹேண்டில்பாருமாக வருவார். ஒருநாள் எதிரே லாரி போன காற்றில் குடை மேல்நோக்கித் திரும்பி, அவரை ரோட்டோரச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டது. ஸ்டெல்லா அக்காதான் தூக்கிவிட்டார். தூக்கிவிட்டு, கம்பெனி வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். சிரிப்பு நிறைந்தவர் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். கோபமும் நிறைந்தவர். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஸ்டெல்லா அக்கா.

கொஞ்சம் கொஞ்சமாக நானும் அவர் வழிக்கு வந்தேன். கோட்டை மூலையில் போட்டுவிட்டு, வீட்டுக்காரரின் பழைய சட்டையை எடுத்துக்கொண்டேன். காய்ந்த துணியைப் பாலிதீனில் சுற்றிக் கேரியரில் வைத்தேன். ஐப்பசி முழுக்க ஒரு நாளும் தாமதமில்லை, ஒரு மோட்டாரும் திரும்பி வரவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், இப்போது நான் சொல்ல வந்த நாள், குருடிமலைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. எங்கள் இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்றே தெரியாத மழை. கம்பெனிக்கு வந்து என் பொட்டலத்தைப் பிரித்தால், பாலிதீன் கேரியர் கம்பியில் உரசிக் கிழிந்து, உள்ளே இருந்த சேலை தண்ணீரில் ஊறிக் கிடந்தது. எட்டடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

ஸ்டெல்லா அக்கா தன் மேஜைக்கடியில் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னொரு சேலை எப்போதும் வைத்திருப்பார், அவசரத்துக்கு. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட வாயில் சேலை. துவைத்து, மடித்து, சோப்பு வாசம் அடித்தது. "கட்டிக்கோங்க அம்மணி. ஈரத்தோட உக்கார வேண்டாம்" என்றார்.

நான் "வேண்டாம், காஞ்சிரும்" என்றேன்.

அவருடைய கை நீட்டியபடியே இருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு சேலையை மடிப்பு கலையாமல் டின்னில் வைத்து மூடினார்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. காகிதத்துக்கு ஈரம் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தச் சேலையை என் உடம்பில் சுற்றிக்கொள்ள என் கை போகவில்லை. அது காலனிச் சேலை. அதைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் போனால் யாராவது கேட்பார்களே என்று எனக்குள் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஊர் காரணமில்லை. நான்தான் காரணம்.

ஈரச் சேலையோடு உட்கார்ந்து சுற்றினேன். பதினொரு மணி வாக்கில் குனிந்தபோது பின்னல் தோளைத் தாண்டி முன்னால் விழுந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் நேராகப் பள்ளத்துக்குள் சொட்டியதைப் பார்த்தேன். அவசரமாக முந்தானையால் துடைத்தேன். முந்தானையும் ஈரம். இருந்ததைவிட அதிகத் தண்ணீரை நானே உள்ளே ஒற்றிவிட்டு, மேலே சுருளை இறக்கி மூடினேன்.

சூப்பர்வைசர் நடராஜ் சார் மெக்கரை மாட்டிச் சுற்றினார். முள் எழவில்லை. இன்னொரு தடவை சுற்றினார். மோட்டாரில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார், என் பெயர் இருந்தது. உள்ளே காகிதம் கிழிந்திருக்கும், கம்பியை வெட்டியெடுத்துப் போடுங்கள் என்று கட்டர் கொண்டுவரச் சொன்னார். வெட்டினால் அது கழிவு. கழிவு என்றால் நான் தோட்டத்துக்குப் போகலாம்.

ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்து பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பேப்பர் கிழியலீங்க சார். தண்ணி எறங்கியிருக்குது. வெட்டறதுக்கு முன்னால ஓவன்ல ஒருக்கா வெச்சுப் பாருங்க" என்றார். நடராஜ் சார் அவர் சொன்னால் கேட்பார். மத்தியானம் வரை, வார்னிஷைக் காயவைக்கிற ஓவனில் வைத்து எடுத்து மறுபடி சுற்றினார்கள். முள் எழுந்து, நிற்கவேண்டிய இடத்துக்கும் மேலே போய் நின்றது.

தண்ணீர் எப்படி வந்தது என்று நடராஜ் சார் கேட்டார். செக்‌ஷன் முழுவதும் கை நின்றுவிட்டது. காலையில் சேலை நீட்டியதை நாலு பேராவது பார்த்திருந்தார்கள். காய்ந்த சேலை கொடுத்தேன், அவங்க வாங்கலை என்று ஸ்டெல்லா அக்கா ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரோட்டுல இருந்து வருதுங்க சார்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "நாங்க நாலு பேரு மழையில சைக்கிள் மிதிச்சு வாரோம். பீரோவுக்குப் பின்னால நின்னு எத்தன பேரு துணி மாத்தறது? எங்களுக்கு ஒரு தடுப்பும் ஒரு கயிறும் குடுங்க. தண்ணி உங்க மோட்டாருக்கு வராது."

அடுத்த வாரமே ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரத் தடுப்பு வந்தது. கயிறும் கட்டினார்கள். உங்களில் பலர் அந்தக் கயிற்றில் சேலை காயப்போட்டிருப்பீர்கள். அது எப்படி வந்ததென்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது மழை விட்டிருந்தது. ரோட்டில் அவர் ஏதாவது கேட்பார் என்று வழி நெடுகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிரிவு வந்ததும் வழக்கம்போல நான் முன்னால் போக அவர் வேகத்தைக் குறைத்தார். குறைக்கும்போது, "நாளைக்கு ரெண்டு கவராப் போட்டுச் சுத்துங்க அம்மணி. கம்பி படற எடத்துல பழைய துணி வெச்சுப்போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

தையில் நான் நிரந்தரமானேன். அவர் சொன்னபடி இரண்டு உறை போட்டேன். கூடவே நானும் ஒரு டின் வாங்கி இன்னொரு சேலை வைத்துக்கொண்டேன். முன்யோசனைக்காரி என்று எல்லாரும் மெச்சினார்கள். அவரிடம் வாங்கிக் கட்டவேண்டிய நிலைமை இனி வரக்கூடாது என்பதற்காக வைத்த டின் அது. கயிற்றிலும் முதலில் என் சேலையை அவர் சேலையில் படாதபடி அந்தக் கோடியில் போட்டேன். அடைமழை வந்து கயிற்றில் இடமே இல்லாத ஒரு நாள், யாரோ எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளியிருந்தார்கள். என் சேலையும் அவர் சேலையும் ஒட்டிக்கொண்டு காய்ந்தன. சாயங்காலம் என்னுடையதை எடுத்துக் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் கேக்கை அவர் டப்பாவிலிருந்தே எடுத்துத் தின்றேன், பிரிவு தாண்டி ஊருக்குள்ளும் சேர்ந்தே ஓட்டினோம். கம்பெனி மூடும் வரை அப்படித்தான். ஆனால் அந்தக் காலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று முப்பது வருடம் போய்விட்டது.

செய்தி வந்த மறுநாள் சிங்காநல்லூரிலிருந்து, இப்போது மகனோடு நான் இருக்கிற இடத்திலிருந்து, பஸ் ஏறிப் போனேன். அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குள் போனேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவருடைய மகள் ரோஸ்லின், இப்போது நர்ஸாக இருப்பவள், எனக்கு நாற்காலி போட்டாள். "நீங்கதானுங்களா பானுமதி அக்கா? அம்மா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. அம்மா குடுத்த சேல பாழாப் போயிரும்னு, கட்டிக்காம ஈரத்தோடயே உக்காந்துட்டீங்களாமா" என்றாள். பிறகு, அம்மாவுக்கு ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போடுகிறோம், அந்த விஷயத்தை நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்டாள்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. என் மானத்தைக் காப்பாற்ற அக்கா அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். துடியலூர் தாண்டும்போது வேறொன்று தோன்றியது. எனக்காக அல்ல. தன் அம்மா நீட்டிய சேலையை ஒருத்தி வேண்டாம் என்றாள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறார். தன் சேலைக்கு மரியாதையான ஒரு காரணத்தை அவரே கண்டுபிடித்து, வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார்.

அதனால் இதை எழுதிவிட்டு, அச்சுக்குக் கொடுக்கும் முன்பு ரோஸ்லினிடம் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். வேண்டாமென்றால் கிழித்துவிடு என்றேன். "அம்மா சொன்னப்பவே எனக்குத் தெரியுங்க. நானும் அந்த ஊர்லதானுங்களே வளந்தேன்" என்றாள். "நீங்க எழுதுவீங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு. அப்பிடியே போடுங்க."

மழையில் எப்படிச் சைக்கிள் ஓட்டுவது என்பதை ஸ்டெல்லா அக்காவிடமிருந்து பலர் கற்றுக்கொண்டார்கள். அவருடைய சிரிப்பையும் கோபத்தையும் பாட்டையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, என் பதிலுக்குப் பிறகும் அவருடைய கை மடங்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை. நான் மனசு மாறுவேனா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.